கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அட்டைப் பெட்டி

ஓணத்துக்குள் கடையைப் புதுப்பித்துவிட வேண்டும் என்ற அவசரம் எங்கள் எல்லைப்புற ஊர்களில் ஆடி பிறந்ததுமே தொடங்கிவிடும். கவுண்டர் மேல் வைக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பற்றி இம்முறை ஒரு கட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கடையின் நீளம் எழுதியிருக்கிறார்கள், கவுண்டர் மைக்காவின் நிறம் எழுதியிருக்கிறார்கள், ஒருவர் கடை வாசலில் குடும்பத்தோடு நிற்கும் படமே அனுப்பியிருக்கிறார். உள்ளே வைக்கப்போகும் சரக்கு எத்தனை அங்குலம் என்பதைப் பாதிப் பேருக்கு மேல் எழுதவில்லை. பதிலுக்குப் போகலாம்.

4 அடிப் பெட்டியில் எத்தனை மொபைல் சார்ஜர் டப்பா நிற்கும்? — களியக்காவிளை

டப்பாவின் அளவு எங்கே? ஸ்கேலை எடுத்து அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். அதுவரை இதற்குப் பதில் இல்லை.

பெட்டியின் அகலம் 30 அங்குலம், 5 அறை. 5 அங்குலம் 6 நூல் (8 நூல் ஒரு அங்குலம்) அகலமுள்ள டப்பா உள்ளே போக மறுக்கிறது. தச்சர் ஏமாற்றிவிட்டாரா? — குழித்துறை

தச்சர் ஏமாற்றவில்லை. நீங்கள் சொன்ன 30 அங்குலத்தை அப்படியே செய்து கொடுத்திருக்கிறார். 30ஐ 5ஆல் வகுத்து 6 என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். பலகைக்கும் கனம் உண்டு. இரு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 6 நூல், இரண்டும் சேர்ந்து ஒன்றரை அங்குலம். நடுவில் 4 தடுப்புகள், 9 மி.மீ. என்று வைத்தாலும் தலைக்கு 3 நூல். அது இன்னொரு ஒன்றரை. மிச்சம் 27 அங்குலம், அறைக்கு 5 அங்குலம் 3 நூல். உங்கள் டப்பா எப்படிப் போகும்?

உங்களைத் திட்டிவிட்டு என் கதையை மறைப்பது முறையல்ல. தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு மருந்துக்கடைக்கு இதே தவறைச் செய்தேன். தேக்குச் சட்டம், பித்தளைக் கீல், எல்லாம் பளபளப்பாக இருந்தது. கடைக்காரர் இருமல் மருந்து டப்பாவைக் கையில் எடுத்தார், அறைக்குள் நுழைத்தார், பாதியில் நின்றது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவைத் திருப்பி நெட்டுவாட்டில் வைத்துப் பார்த்தார், அப்போது பெயர் சுவரைப் பார்த்தது. பல வருடம் அந்தப் பெட்டியில் மெழுகுவர்த்திதான் இருந்தது. அந்தக் கடை வாசலைக் கடக்கும்போதெல்லாம் நான் சாலையின் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

உங்களுக்கு இப்போது ஒரே வழி, ஒரு தடுப்பைக் கழற்றி 4 அறையாக்குவது. அறை 6 அங்குலத்துக்கு மேலேயே கிடைக்கும், விரல் நுழையவும் இடம் இருக்கும். அடுத்த முறை டப்பாவின் அகலத்தோடு விரலுக்கு 4 நூல் சேர்த்து, அறைகளைக் கூட்டி, தடுப்புகளைக் கூட்டி, கடைசியில் வெளியளவுக்கு வாருங்கள். உள்ளிருந்து வெளியே. இதை எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

மேற்குப் பார்த்த கடை. ஏலக்காய், கிராம்புப் பெட்டிகள் மூன்று மாதத்தில் வெளுத்துவிடுகின்றன. நல்ல கண்ணாடி போட்டால் சரியாகுமா? — குமுளி

சாதாரணக் கண்ணாடி எத்தனை நல்லதானாலும் சாயத்தை வெளுக்க வைக்கும் வெயிலைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். அச்சு மையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலம் கடைசி வரை நிற்கும். பழைய சுவரொட்டிகளில் முகங்கள் எல்லாம் நீலமாகத் தெரிவது அதனால்தான். உங்கள் முன்வரிசைப் பெட்டியை எடுத்துப் பின்வரிசைப் பெட்டியின் பக்கத்தில் வையுங்கள், நான் சொல்வது கண்ணுக்குத் தெரியும். ஏலக்காயின் பச்சையும் வெளிச்சத்தில் வெளுக்கும். பெட்டியில் சன்னல் வைத்து விற்பவர்களுக்கு இரட்டை நட்டம்.

முன்வரிசையில் காலி அட்டைப் பெட்டிகளை மட்டும் வையுங்கள். அவை வெளுத்தால் மாற்றிக்கொள்ளலாம். சரக்கு பின்னால், மூடிய இழுப்பறையில் இருக்கட்டும். மேல்மூடியைக் கண்ணாடியாக வைக்காமல் பலகையாக வையுங்கள். மாலை 3 மணிக்கு மேல் வாசலில் ஒரு மூங்கில் தட்டி இறக்கினால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

மருந்துக்கடைக் கவுண்டர் மேல் இரண்டரை அடி உயரத்தில் முழுக் கண்ணாடிப் பெட்டி வைக்க விரும்புகிறேன். விமான நிலையத்தில் பார்த்த மாடல், படம் இணைத்துள்ளேன். — செங்கோட்டை

படம் பார்த்தேன். அது வாசனைத் திரவியம் விற்கும் இடம். வாங்குபவர் பெட்டியைச் சுற்றி வருகிறார், விற்பவர் அவர் பக்கத்திலேயே நிற்கிறார். அங்கே கவுண்டரே இல்லை! உங்கள் கடையில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பாட்டி.

கணக்குப் போடுவோம். கவுண்டர் 36 அங்குலம், அதன் மேல் 30 அங்குலம். மொத்தம் ஐந்தரை அடி. நம் ஊர்ப் பெண்களில் பலருடைய தலை உச்சியே அதற்குக் கீழேதான் இருக்கும். பாட்டி என்ன செய்வார்? இரண்டு பெட்டிக்கு நடுவில் நீங்கள் விட்ட ஒரு சாண் இடைவெளியில் குனிந்து, பழைய ரயில் நிலைய டிக்கெட் சன்னலில் பேசுவதுபோலப் பேசுவார். வயிற்றுப்போக்கு என்று மெல்லச் சொல்ல வந்தவர் அதைக் கத்திச் சொல்ல வேண்டும். நீங்கள் "சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று" என்பீர்கள், அவருக்குப் "பின்னால்" என்று கேட்கும். எல்லைக் கடையில் ஒருவர் தமிழிலும் அடுத்தவர் மலையாளத்திலும் கேட்பார். முகம் தெரிந்தால்தானே பாதிப் பேச்சு புரியும்? சீட்டையும் பணத்தையும் பெட்டிக்கு மேலாக நீட்டுவார்கள். ஒரு நாள் ஒரு 500 ரூபாய்த் தாள் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் விழும். அதை எடுக்கப் பெட்டியை நகர்த்துவீர்கள்.

நகர்த்தும்போதுதான் எடை தெரியும். 5 மி.மீ. கண்ணாடி சதுர அடிக்குச் சுமார் 1.2 கிலோ, 8 மி.மீ. என்றால் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் பெட்டியில் முன், பின், பக்கம், மூடி, தட்டுகள் எல்லாம் சேர்ந்து 25 சதுர அடியைத் தாண்டும். சரக்கு இல்லாமலே 30 கிலோ. உயரமும் ஒடுக்கமுமான 30 கிலோவை ஒரு மூட்டைத் தூக்குபவரின் தோள் இடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்கு ஊர் இந்த நோய் பரவிவிட்டது. கடைக்காரர் கவுண்டரில் ஒரு கண்ணாடிக் கோட்டை கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டு, ஆள் வருவதில்லை, எல்லாரும் ஆன்லைனில் வாங்குகிறார்கள் என்று குறைப்படுகிறார். ஆன்லைனிலும் முகம் தெரியாது, உங்கள் கடையிலும் முகம் தெரியாது என்றால் எதற்காக நடந்து வர வேண்டும்? போதாக்குறைக்கு உயரமான பெட்டியின் தலைமேல் இன்னொரு அடுக்கு சரக்கு ஏறும். காலண்டர், இலவச மாதிரிகள், யாரோ விட்டுப்போன குடை. கோட்டைக்கு மதில் வேறு.

எனவே 12 அங்குலம், மிஞ்சிப்போனால் 14. அதற்கு மேல் கவுண்டரில் எதுவும் வேண்டாம். ஆழம் 10 அங்குலம் இருந்தால், 2 அடிக் கவுண்டரில் கொடுக்கல் வாங்கலுக்கு ஒரு அடிக்கு மேல் மிஞ்சும். கியூஆர் அட்டைக்கும் அந்த இடத்திலேயே ஒரு மூலை ஒதுக்குங்கள். பெட்டியை அடியிலிருந்து இரண்டு திருகாணியால் கவுண்டரோடு பிணைத்துவிடுங்கள். உள்ளே வைப்பது பற்பசை, பாண்டேஜ், தைலம், சோப்பு. மாத்திரை வேண்டாம். அட்டையில் 25 டிகிரி, 30 டிகிரி என்று அச்சிட்டிருப்பது அழகுக்கு அல்ல, வெயில் படும் கண்ணாடிப் பெட்டி அதை எளிதில் தாண்டும். போதைப் பழக்கம் உண்டாக்கக்கூடிய எக்ஸ் அட்டவணை மருந்துகளைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம் என உங்களுக்கே தெரியும்.

கவுண்டரில் சிகரெட் பெட்டிகளை அழகாக அடுக்க ஒரு வடிவமைப்புத் தாருங்கள். பள்ளிக்கூடம் எதிரில்தான், நல்ல வியாபாரம். — கம்பம்

பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி வைப்பதும் கூடாது. கடலை மிட்டாய்க்குப் பெட்டி வேண்டுமானால் எழுதுங்கள், செய்து தருகிறேன்.

தேன் பாட்டில் பெட்டிகள். 4 அடி நீளத்துக்கு 5 மி.மீ. கண்ணாடித் தட்டு, நடுவில் தாங்கல் இல்லை. தொய்வதுபோலத் தெரிகிறது. பிரமையா? — மார்த்தாண்டம்

பிரமை இல்லை. இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் முன் பாட்டில்களை இறக்கிவிடுங்கள். தேன் தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான கனம். அரைக் கிலோத் தேன், கண்ணாடிப் பாட்டில், அட்டை எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ. வரிசைக்கு 16 என்று இரண்டு வரிசை வைத்தால் 24 கிலோ. அதே எடைக்குத் தட்டின் நீளத்தை இரட்டித்தால் தொய்வு 8 மடங்காகும். கண்ணாடி பலகையைப்போலக் கிறீச்சிட்டு எச்சரிக்காது.

8 மி.மீ. போட்டு, 2 அடிக்கு ஒரு தாங்கல் கொடுங்கள். இல்லையென்றால் கண்ணாடி ஆசையை விட்டு 18 மி.மீ. பிளைவுட் தட்டு, அதற்கும் நடுத் தாங்கலோடு. டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூட்டில் பதப்படுத்தி வலுவாக்கியது, வாங்குவதானால் அளவை மூன்று முறை பாருங்கள். பதப்படுத்திய பிறகு அதை அறுக்க முடியாது, ஓரம் இழைக்க முடியாது, ஓட்டை போட முடியாது. அளவு தவறினால் உடைத்துப் போடத்தான் வேண்டும். எந்தக் கண்ணாடியானாலும் விளிம்பை உரசி வாங்குங்கள். சரக்கு எடுக்கும் கை உங்களுடையது.

ரப்பர் மரத்தில் சட்டம் செய்யலாமா? மலிவாகக் கிடைக்கிறது. — பாறசாலை

அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றிய மரமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் தாராளமாகச் செய்யலாம். இல்லையென்றால் நீலம் பாய்ந்து, பிறகு வண்டு துளைத்து, உங்கள் சரக்கின் மேல் மாவு கொட்டும். பணம் இருந்தால் அயனி மரம்.

ஊதுபத்தி, சாம்பிராணிப் பெட்டிகள். பின்வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. — கொழிஞ்சாம்பாறை

கொலுப்படி பார்த்ததில்லையா? அதுவேதான். பெட்டியின் உயரம் 4 அங்குலம் என்றால் படி இரண்டரை அங்குலம் ஏறட்டும், பின்வரிசைப் பெட்டியின் மேல்பாதி, அதாவது பெயர் அச்சான பாதி, முன்வரிசைக்கு மேலே தெரியும். படியின் அகலம் பெட்டியின் ஆழத்தைவிட அரை அங்குலம் கூடுதல். பெட்டி இரண்டரை அங்குலம் ஆழம் என்றால் 3 அங்குலப் படி. மூன்று படிக்கு 9 அங்குலம், மேல்படிப் பெட்டி முடியும் உயரமும் 9தான். கைக்கு இடம் விட்டாலும் 12 அங்குலத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். படியைத் தனியாகச் செய்து உள்ளே வையுங்கள், ஆணி அடிக்காதீர்கள். நாளைக்கு வேறு அளவுப் பெட்டி வரும்.

தேயிலையும் விற்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் டீயில் மல்லிகை மணக்கும்.

விளக்கு எங்கே பொருத்துவது? — பல கடிதங்கள்

முன்பக்க மேல் விளிம்பில், உள்நோக்கி. பின்னால் வைத்தால் பெட்டிகள் இருட்டாகவும் வாடிக்கையாளர் கண் கூசியும் நிற்கும். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை போதும். அதன் டிரைவர் (பட்டைக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு கருவி) சூடாகும், அதைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள்.

அக்ரிலிக்கா, கண்ணாடியா? — கொல்லங்கோடு

அக்ரிலிக் எடை பாதி, கீறல் பத்து மடங்கு. காய்ந்த துணியால் துடைத்தால் தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும், ஸ்பிரிட் போட்டால் மயிரிழை வெடிப்பு விடும். சந்தைக்கு எடுத்துப்போகும் பெட்டி என்றால் அக்ரிலிக். ஒரே இடத்தில் இருக்கும் பெட்டி என்றால் கண்ணாடி.

காலையில் கண்ணாடியின் உள்பக்கம் பனிபோல ஈரம். — மூணாறு

காற்றுப் புகாமல் சிலிக்கான் வைத்து அடைத்திருப்பீர்கள். பின்பக்கம் கீழே ஒரு விரல் இடைவெளி, மேலே ஒரு விரல் இடைவெளி விடுங்கள், காற்று ஓடும். இந்த ஊர்களில் தென்மேற்கு ஒரு முறை, வடகிழக்கு ஒரு முறை என்று மழை இரண்டு முறை நனைக்கும். பலகை விளிம்பு ஒன்றுவிடாமல் பட்டை ஒட்டி மூடுங்கள், கதவுக்கு ஒரு நூல் சந்து விடுங்கள். கோடையில் இறுக்கமாகச் செய்த கதவு ஆனியில் திறக்காது. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதீர்கள்.

நகர்த்தும் கண்ணாடிக் கதவா, கீல் கதவா? — புளியரை

உங்கள் பக்கம் நிற்க இடம் குறைவு என்றால் நகர்த்தும் கதவு, ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு. எதுவானாலும் திறப்பு கடைக்காரர் பக்கம். வாடிக்கையாளர் பக்கம் திறக்கும் பெட்டியைச் செய்துவிட்டுச் சரக்கு குறைகிறது என்று எனக்கு எழுத வேண்டாம்.

தாத்தா காலத்துப் பெட்டி ஒன்று கடையில் இருக்கிறது, செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தபோது செய்தது என்பார்கள். கண்ணாடியில் பார்த்தால் உருவம் நெளிகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா? — செங்கோட்டை, இன்னொருவர்

போடாதீர்கள். செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்த 1956க்கு முந்தியது என்றால் அந்த நெளிவு பொருந்தும், பழைய முறையில் இழுத்த கண்ணாடி அப்படித்தான் இருக்கும். அதை மாற்றினால் திரும்பக் கிடைக்காது. கீல் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பித்தளைத் திருகாணியை மின் துரப்பணத்தால் கழற்றப் போகாதீர்கள், தலை நசுங்கிவிடும். அதன் தலையில் உள்ள காடியில், அதாவது பள்ளத்தில், படிந்த மெருகை ஊசியால் சுரண்டி எடுத்து, காடிக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் முதலில் கால் சுற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். ஓட்டை பெரிதாகிவிட்டிருந்தால் மூங்கில் குச்சியில் பசை தடவி அடித்து, காய்ந்தபின் அதே திருகாணியைப் போடலாம். உள்ளளவை எழுதி அனுப்புங்கள். அந்தக் காலத்தில் அதில் என்ன பெட்டி விற்றார்கள் என்று கண்டுபிடிக்க முடிகிறதா பார்க்கிறேன்.