கரிம உமிழ்வுக் கணக்கு மிகக் குறைவாக வருவது ஏன்?

வணக்கம். தாம்பரம் பக்கம் 1,500 பேர் படிக்கும் கல்லூரிக்கு ஆண்டு மின்சாரம் 900 யூனிட், உமிழ்வு 0.65 டன் என்று உங்கள் மாணவர் குழுவுக்கு வந்திருப்பதாகச் சொல்லி, ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு, மூன்று வீடுகளே அதைவிட அதிகம் எரிக்கும்.

உங்களுடையது உயரழுத்த இணைப்பு என்றால், சிடி, பிடி (மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளவுக்காகக் குறைத்துத் தரும் மின்மாற்றிகள்) வழியாகக் குறைத்துக் கொடுத்த மின்சாரத்தைத்தான் மீட்டர் எண்ணும். பில்லில் எம்.எஃப். (பெருக்கு எண்) என்று ஓர் எண் இருக்கும், மீட்டர் காட்டும் யூனிட்டை அதால் பெருக்க வேண்டும். உதாரணமாக எம்.எஃப். 600 என்றால் 900 × 600 = 5,40,000 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று போட்டால் 389 டன். பில்லில் கேவிஏஎச் (தோற்ற மின் அளவு) வரியை எடுத்துவிடாதீர்கள், கேடபிள்யூஎச் (உண்மையில் செலவான யூனிட்) வரிதான் வேண்டும்.

மாடியில் சோலார் இருந்தால் கிரிடிலிருந்து எடுத்த யூனிட்டை மட்டும் சேருங்கள். அதிலிருந்து சோலார் உற்பத்தியை மறுபடி கழிப்பது பலரும் செய்யும் தப்பு.

ஜெனரேட்டர் டீசலுக்கு உமிழ்வு லிட்டருக்கு 2.68 கிலோ. விடுதிச் சமையலறையின் 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 57 கிலோ.

எல்லோரும் விட்டுவிடுவது ஏசி கேஸ். ஆர்-410ஏ என்ற ஏசி குளிரூட்டி வாயு ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். சர்வீஸ் பில்லில் "கேஸ் டாப்-அப்" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். எத்தனை கிலோ, எந்த கேஸ் என்று இனிமேல் எழுதி வாங்குங்கள். ஒரே ஏசிக்கு வருடாவருடம் நிரப்பினால் எங்கோ கசிவு இருக்கிறது. முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள்.