தாய்லாந்தில் புத்தர் கோவில்களைப் பார்க்கப் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

காலைக் கவனியுங்கள். உடை, கேமரா, டிக்கெட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அறுபதைத் தாண்டிய அம்மாவுடன் பாங்காக், அயுத்தயா, சியாங் மாய் என்று ஒன்பது நாள் சுற்றிவந்த அனுபவத்தில் சொல்கிறேன். கோவில் பழக்கம் நமக்குப் புதிதா, வாசலில் செருப்பைக் கழற்றத் தெரியாதா என்ற தைரியத்தில்தான் போனேன். செருப்போடு விஷயம் முடிவதில்லை என்று முதல் நாள் மாலையே தெரிந்துவிட்டது. பாங்காக்கில் சாவ் ப்ரயா ஆற்றுக்கு மேற்கே, தொன்புரிப் பக்கம், எங்கள் விடுதிக்கு அருகில் ஒரு சிறிய கோவில். டிக்கெட்டும் இல்லை, சுற்றுலாக் கூட்டமும் இல்லை. நாளெல்லாம் நடந்த களைப்பில் தூணில் சாய்ந்து இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி என் முழங்காலை இரண்டு முறை தட்டினார். பிறகு தன் காலைக் காட்டினார். இரண்டு பாதங்களும் ஒரே பக்கமாக மடங்கிப் பின்னால் போயிருந்தன. நான் உள்ளங்காலை நேராகப் புத்தருக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

இப்படி ஒருக்களித்து மடித்து உட்காருவதற்கு அங்கே ‘பப்பியப்’ என்று பெயர். சம்மணம் தியானத்துக்குச் சரி. பிக்குவின் எதிரிலும் புத்தர் முன்னிலையிலும் மரியாதை என்றால் பப்பியப்தான். நாம் பெரும்பாலும் நின்று கும்பிட்டுவிட்டு நகர்கிறவர்கள். அங்கே வருகிறவர்கள் முதலில் உட்காருகிறார்கள். தலை தாழ்ந்தும் கால் மறைந்தும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மனத்தில் வைத்தால் மற்ற விதிகளில் பாதி தானாக வந்துவிடும். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் வாட் போ (‘வாட்’ என்றால் கோவில்). 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரத்தில் சயனத் திருக்கோலத்தில் புத்தர். கூட்டம் முழுவதும் முகத்தருகே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் மறுகோடிக்கு, பாதத்துக்குப் போங்கள். நாம் காட்டக்கூடாத உள்ளங்காலை அவர் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். அதில் 108 மங்கலச் சின்னங்களை முத்துச் சிப்பியில் இழைத்திருக்கிறார்கள். முதுகுப்பக்கச் சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள். பணம் கொடுத்தால் ஒரு கிண்ணம் நிறையச் சில்லறை தருவார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். 108 என்றதும் அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அர்ச்சனைக்கு நாமம் சொல்வதுபோல உதடு அசைய, ‘டிங்’, ‘டிங்’ என்று போட்டுக்கொண்டே போனார். கடைசி ஆறு கிண்ணங்களுக்குக் காசு தீர்ந்துவிட்டது. என் பர்ஸைப் பிடுங்கி ஒரு பாட் நாணயங்களை எடுத்துக் கணக்கை முடித்த பிறகுதான் வெளியே வந்தார்.

அரண்மனை வளாகத்தில் இருக்கும் வாட் ப்ரா கேவில் உடைச் சோதனை கறார். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், கிழிசல் ஜீன்ஸும் கூடாது. வேட்டி கட்டிய ஒருவர் தடையில்லாமல் உள்ளே போனதை நான் பார்த்தேன். அரைக்கால் சட்டைக்காரர்கள் எதிர்க்கடையில் யானைப் படம் போட்ட கால்சட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மரகதப் புத்தர் என்ற பெயரைக் கேட்டுப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். உயரம் சுமார் 66 சென்டிமீட்டர்தான், மரகதமும் அல்ல, வேறு வகைப் பச்சை நிறக் கல். வெயில், மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒரு பொன்னாடை உண்டு, அதை மன்னரே மாற்றுவது மரபு. உள்ளே படம் எடுக்கக்கூடாது. வெளிப்பிராகாரச் சுவரில் 178 கட்டங்களாக ராமாயணம், அவர்கள் சொல்லில் ராமகியன். அனுமனைக் கண்டதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்த ஊர் அனுமன் பிரம்மச்சாரி இல்லை, ராவணன் மகளான ஒரு மச்சகன்னியிடம் மயங்கியவர் என்று நான் சொல்லியிருக்கக்கூடாது. அடுத்த பத்துக் கட்டங்களுக்கு அம்மா என்னோடு பேசவில்லை.

ஓர் எச்சரிக்கை. அரண்மனையை நெருங்கும்போது நல்ல சட்டை போட்ட யாராவது சிரித்தபடி வந்து, இன்று விசேஷ பூஜை, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள், அதுவரை டுக்டுக்கில் வேறு கோவில்களைக் காட்டுகிறேன் என்பார். நம்பாதீர்கள். வாசல் வரை போய்ப் பாருங்கள், திறந்திருக்கும். அந்த வண்டி கடைசியில் ரத்தினக் கடையில்தான் நிற்கும். எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஒரு குடும்பம் அப்படித்தான் அரை நாளை இழந்தது.

வாட் சுதத்தின் எதிரே உயர்ந்த சிவப்பு ஊஞ்சல் சட்டம் ஒன்று நிற்கிறது. அதில் ஆடுவது 1930களிலேயே நின்றுவிட்டது. ஆனால் அந்தச் சடங்கின் பெயர் ‘த்ரியம்பாவாய்’, நம் திருவெம்பாவைதான். பக்கத்திலுள்ள பிராமணர் கோவிலில் சடங்கு இன்றும் நடக்கிறது. சீனர் தெருவை ஒட்டிய வாட் த்ரைமித்தில் ஐந்தரை டன் தங்கப் புத்தர். சுதை பூசியிருந்ததால் வெறும் சுதைச் சிலை என்றே நினைத்திருந்தார்கள். 1955இல் இடம் மாற்றும்போது விழுந்து, பூச்சு உடைந்துதான் தங்கம் தெரிந்தது.

அயுத்தயாவுக்கு ரயிலில் மூன்றாம் வகுப்பில் போங்கள், ஒரு காபி விலைகூட ஆகாது. 1767இல் பர்மியப் படை அழித்த நகரம். வரிசை வரிசையாகத் தலையில்லாத புத்தர்கள். வாட் மஹாதாத்தில் மரத்தின் வேர்கள் ஒரு கல்தலையைச் சுற்றி வளர்ந்து அணைத்துக்கொண்டிருக்கின்றன. தலை தரையோடு ஒட்டி இருக்கிறது. படம் எடுக்க விரும்பினால் உங்கள் தலை அதற்கும் கீழே இருக்க வேண்டும், அதாவது மண்டியிட வேண்டும். நின்றபடி எடுத்தால் காவலாளி விசில் ஊதுவார்.

பெண்களுக்கு ஒன்று. பிக்குவைத் தொடக்கூடாது, அவர் கையில் நேரடியாக எதையும் கொடுக்கவும் கூடாது. சியாங் மாய் மலைமேல் தோய் சுதேப் கோவிலில் பிக்கு தீர்த்தம் தெளித்து என் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார். அம்மாவும் ஆவலாகக் கையை நீட்டினார். பிக்கு சட்டென்று தன் கையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. அருகில் இருந்த இல்லறத்தார் ஒருவர் அதே நூலை வாங்கிக் கட்டிவிட்டார். முன்பே சொல்லி அழைத்துப் போயிருக்க வேண்டியது என் பொறுப்பு.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: கோவில் வாசல் உணவு என்பதால் சைவமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பிக்குகளே பிச்சையில் வந்த இறைச்சியை உண்பார்கள். மஞ்சள் பின்னணியில் சிவப்பாக ‘ஜே’ (เจ, சைவ உணவு என்று பொருள்) என்று தாய் எழுத்தில் போட்ட கடையைத் தேடுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு கோவில்கள் போதும். மாலையில் டிக்கெட் இல்லாத ஏதாவது ஒன்றில் போய் உட்காருங்கள். கடைசி நாள் நாங்கள் அந்தத் தொன்புரிக் கோவிலுக்கே திரும்பிப் போனோம். பிக்குகள் பாலியில் ஓதத் தொடங்கினார்கள். ‘புத்தாங் சரணாங் கச்சாமி’ என்று வந்ததும் அம்மா தெரிந்தவரைப் பார்த்ததுபோல என் பக்கம் திரும்பினார். நான் முக்கால் மணி நேரம் பப்பியப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முடிந்து எழுந்தபோது கால் மரத்துப்போய்த் தூணைக் கட்டிக்கொண்டேன். அதே பாட்டி அங்கே இருந்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.