லேப் பில் மட்டுமா உங்கள் அசல்?

கேள்வி: கோவில்பட்டியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, குழந்தைப் படங்கள் எடுப்பதோடு கேன்வாஸ், பிரேம் ஆர்டரும் வாங்குகிறேன். 24-க்கு 36 அங்குல கேன்வாஸுக்கு, பிரிண்ட் போடும் லேபில் 2,400 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. எனக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை. 3,000-க்கு விற்கிறேன். ஆர்டர் வருகிறது, கையில் எதுவும் நிற்கவில்லை. பக்கத்து ஃபிளெக்ஸ் கடையில் இதே சைஸ் 1,500தான். விலையை எப்படி வைப்பது?
– ஆர்., கோவில்பட்டி

பதில்: ஒரு கேன்வாஸுக்கு 600 ரூபாய் நிற்கிறது என்று மனக்கணக்குப் போட்டிருப்பீர்கள். நிற்பது 168. ஜிஎஸ்டி பதிவு இல்லாததால் லேபுக்குக் கட்டும் 432 ரூபாய் வரியை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது, அதுவும் அசல்தான். ஆக 2,832. பார்சல் ஆபீசுக்குப் போய் எடுத்து வந்தால் அந்த 168-ம் காலி.

இன்னும் உங்கள் உழைப்பை நாம் தொடவே இல்லை. படம் தேர்ந்தெடுப்பது, முகத்தைச் சரிசெய்வது, “பின்னால் நிற்கிற மாமாவை எடுத்துவிடுங்கள்” என்று வரும் போன், டெலிவரி என்று எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆர்டருக்கு மூன்று மணி நேரம் குறையாது. கடை வாடகை, கரண்ட், கேமரா தவணை, உங்கள் வீட்டுக்கு வேண்டிய சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 45,000 தேவை என்று வைப்போம். மாதத்தில் காசு தரும் வேலை 150 மணி நேரம் என்றால் மணிக்கு 300. மூன்று மணிக்கு 900. பார்சல், ஆட்டோ 150. இருபதில் ஒன்று திரும்பப் போடவேண்டி வரும், அதற்கு 140. கூட்டினால் 4,022 ரூபாய். ஒவ்வொரு கேன்வாஸுக்கும் ஆயிரம் ரூபாயை நீங்கள்தான் மொய் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

திரும்பப் போடுவது ஏன் வருகிறது என்றால், பெரும்பாலும் ஓரத்தால். கேன்வாஸ் மரச்சட்டத்தைச் சுற்றி மடியும். பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் போய்விடும். குடும்பப் படத்தில் கடைசியில் நிற்கிற அத்தையின் தோள் பக்கவாட்டுக்குப் போனால் யார் வாங்குவார்கள்? எடுக்கும்போதே ஓரத்தில் இடம் விடுங்கள். இல்லையென்றால் முன்பக்கப் படத்தை முழுதாக விட்டுவிட்டு, மடிகிற பகுதிக்கு ஒரே நிறம் கொடுக்கச் சொல்லுங்கள்.

சரி, லாபம். விற்கிற விலையில் 40 சதவீதம் நிற்கவேண்டும் என்று நினைப்பவர்கள் அசலை 1.4-ஆல் பெருக்குகிறார்கள். 4,022-ஐ அப்படிப் பெருக்கினால் 5,631 வரும். அதில் லாபம் 1,609, விற்பனை விலையில் 29 சதவீதம்கூட இல்லை. 40 லாபம் என்றால் அசல் விலையில் 60 சதவீதம், அதனால் 0.6-ஆல் வகுக்கவேண்டும். 6,703 வரும், 6,700 என்று வையுங்கள். உங்கள் சம்பளம் ஏற்கெனவே அசலில் இருப்பதால் 30 சதவீதம் போதும் என்றாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். அப்போது 0.7-ஆல் வகுத்து 5,750.

அடுத்தது பிரேம். 24-க்கு 36-க்குப் பாதி சைஸ் 12-க்கு 18, அதனால் பாதி விலை என்று போர்டு எழுதாதீர்கள். பரப்பு ஒன்றரை சதுர அடியிலிருந்து ஆறு சதுர அடிக்கு, நான்கு மடங்காகிறது; கண்ணாடியும் பிரிண்டும் அந்தக் கணக்கில் ஏறும். படத்தைச் சுற்றி வரும் சட்டமான பீடிங்கோ சுற்றளவுக் கணக்கு. 12-க்கு 18-க்கு ஐந்து அடி என்று தோன்றும். மூலையை 45 டிகிரியில் வெட்டுவதால் பீடிங் அகலத்தைப்போல எட்டு மடங்கு கூடுதலாக வேண்டும். இரண்டு அங்குல பீடிங் என்றால் 16 அங்குலம். ஆக 6 அடி 4 அங்குலம், வெட்டுச் சேதாரம் தனி. பிரேம் கடைக்காரர் இதைக் கணக்கில் எடுத்துத்தான் உங்களிடம் வாங்குகிறார்.

ஆனால் உங்கள் மூன்று மணி நேரம் எந்த சைஸுக்கும் குறைவதில்லை. அதனால் சின்னப் படம்தான் உங்களை அதிகமாகச் சாப்பிடுகிறது. 12-க்கு 18 பிரேமை நீங்கள் எவ்வளவுக்குக் கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆயிரத்துக்குள் இருந்தால் ஒவ்வொன்றிலும் கைநஷ்டம். இதற்குக் கீழே ஆர்டர் இல்லை என்று ஒரு விலை வையுங்கள்.

ஃபிளெக்ஸ் கடையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அங்கே வாடிக்கையாளர் கொண்டுவரும் ஃபைலை அப்படியே போட்டுக் கொடுப்பார்கள். அந்த ஃபைல் எங்கிருந்து போகிறது? நீங்கள் பென் டிரைவில் முழு சைஸில் கொடுத்தனுப்பியதுதான். படம் எடுக்க அட்வான்ஸ் வாங்கும் அன்றே பேக்கேஜுக்குள் ஒரு 20-க்கு 30-ஐ சேர்த்துப் பேசிவிடுங்கள். அப்புறம் விற்பது கஷ்டம்.

கடையில் மாட்டியிருப்பதுதான் விற்கும். 8-க்கு 12-ஐ மாட்டிவிட்டு 24-க்கு 36 ஆர்டர் வரவில்லை என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. இன்னொன்றும் செய்யலாம். ஹால் சுவரில் ஒரு ஏ4 தாளை ஒட்டி, போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தாளின் அளவு தெரியும் என்பதால் அந்தச் சுவரில் அவர்கள் படத்தைச் சரியான சைஸில் வைத்துக் காட்டலாம். சோபாவுக்கு மேலே 12-க்கு 18 தபால்தலை மாதிரி இருப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பாதிப் பணம் முன்கூட்டி வாங்குவதில் கூச்சம் வேண்டாம். ஆர்டரைக் கைவிட்டுப் போனால் அடுத்தவர் குடும்பப் படத்தை யாரிடம் விற்பீர்கள்? வெளியூருக்கு கூரியர் என்றால் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடுங்கள். செலவைப் பெட்டியின் அளவை வைத்துக் கேளுங்கள்: பல கூரியர்களில் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 100-க்கு 70-க்கு 8 பெட்டி எடை குறைவாக இருந்தாலும் 11.2 கிலோ என்றுதான் பில் வரும்.

பேரம் பேசினால் விலையைக் குறைக்காமல் ஒரு சின்ன மேஜைப் படத்தைச் சேர்த்துக் கொடுங்கள். வாக்குக் கொடுத்துவிட்ட பழைய ஆர்டர்களைப் பழைய விலைக்கே முடித்துவிடுங்கள். ஆடியில் கல்யாண வேலை இருக்காது; அந்த மாதத்தில் உட்கார்ந்து உங்கள் சொந்த எண்களைப் போட்டு மேலே சொன்ன கணக்கைச் செய்யுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன் புது விலைப்பட்டியல் மாட்டியிருக்கட்டும். அதில் 12-க்கு 18 விலையை முதலில் திருத்துங்கள்.