ஓட்டல் வேலையை விடலாமா? இன்னும் 4 மாதம் பொறுங்கள்

கேள்வி: கோவையில் ஒரு நட்சத்திர ஓட்டலில், ஹவுஸ்கீப்பிங் பிரிவில் 4 ஆண்டு 8 மாதமாக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 ரூபாய். வேறு ஓட்டலில் 2,000 ரூபாய் கூடுதலாகத் தருவார்கள், உடனே வாருங்கள் என்கிறார் தெரிந்த ஏஜென்ட். போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் இப்போது வேண்டாம்.

ஓட்டலின் நேரடிப் பணியாளர் என்றால், 5 ஆண்டு முடிந்ததும் உங்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்; மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. உங்களுக்கு ஆண்டுக்கு 7,500 வீதம் 37,500 ரூபாய் வரும். ஏஜென்ட் காட்டும் கூடுதல் பணம் 4 மாதத்துக்கு 8,000தான்.

ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அதை நம்பி நாளையே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 8 மாதம் காலண்டரில் 240 நாளைத் தொடும்; வருகைப் பதிவேட்டில் தொடுமா என்பது சந்தேகம். சம்பளமில்லா விடுப்பு கழிந்துவிடும். வார விடுமுறையைச் சேர்க்கக் கூடாது என்று நிர்வாகம் வாதாடும். வழக்கு என்று போனால், 30 நாளில் தர வேண்டிய பணத்துக்கு வாய்தா மேல் வாய்தா போடுகிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தொழிலாளியின் ஒருநாள் சம்பளம் போகிறது. இதைக் கேட்க நாதியில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

அவசரமெல்லாம் ஏஜென்டுக்குத்தான்; ஆள் சேர்த்தால் கமிஷன். உங்களை எடுப்பது ஓட்டலா, ஒப்பந்தக்காரரா என்று முதலில் கேளுங்கள். சில ஒப்பந்தக்காரர்களிடம் அதே மாடி, அதே சீருடை, சம்பளச் சீட்டில் மட்டும் 11 மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்தின் பெயர் மாறும். சர்வீஸ் மறுபடி முதலிலிருந்து! வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு அதுதான் உங்கள் ராஜினாமாக் கடிதம். பி.எஃப்.புக்குப் புது எண் வாங்காதீர்கள், வேலை மாறினாலும் மாறாத உங்கள் பழைய பி.எஃப். எண்ணான யு.ஏ.என்.னையே கொடுங்கள். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சர்வீஸ் சேர வேண்டும்.

புது இடத்தில் சம்பளத்தோடு வேலை நேரத்தையும் விசாரியுங்கள். காலை 6 முதல் 11, மீண்டும் மாலை 6 முதல் 11 என்று பிரேக் ஷிப்ட் போட்டால், நடுவில் வீட்டுக்கும் போக முடியாது, ஓய்வறையும் இருக்காது. ஓட்டல் வேலையை விட்டு என்னிடம் வருகிறவர்கள் சம்பளத்தைவிட இதைத்தான் அதிகம் சொல்கிறார்கள். ஒரு ஷிப்டுக்கு எத்தனை செக்-அவுட் அறை (விருந்தினர் காலி செய்த அறை) சுத்தம் செய்ய வேண்டும், கடைசி பஸ் போன பிறகு வண்டி உண்டா என்றும் கேளுங்கள்.

5 ஆண்டு முடிந்து விலகியதும், 30 நாளுக்குள் பணிக்கொடைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். நகலில் தேதியோடு ஓட்டல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.