டிரெய்லரோடு ஏற்றம் ஏறும்போது பிக்கப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடாகிறது. பெரிய கூலர் போட்டால் போதுமா?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வெறும் வண்டியாக ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. டிரெய்லரை மாட்டிக்கொண்டு நீளமான ஏற்றத்தில் போனால் மட்டும் கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிகிறது. மெக்கானிக் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் பெரிய கூலர் ஒன்று மாட்டச் சொல்கிறார். எனக்கும் அச்சு அசலாக இதேதான் நடந்தது. கூலரும் போட்டேன். போட்ட இரண்டாவது வாரமே அதே மாதிரி ஓர் ஏற்றத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. அதனால் சொல்கிறேன்: கூலர் போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் அதற்கு முன்னால் இவ்வளவு சூடு எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

முதலில் அவசரத்துக்கு. விளக்கு எரிந்த அன்று நான் பதறிப்போய் ஓரம் கட்டி, உடனே இன்ஜினை அணைத்துவிட்டேன். அது தவறு. கியர்பாக்ஸ் ஆயிலைச் சுற்ற வைக்கும் பம்பை இன்ஜின்தான் ஓட்டுகிறது. இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும், இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கிற கொதிக்கும் ஆயில் கூலருக்குப் போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து வேகும். செய்ய வேண்டியது இதுதான்: பாதுகாப்பான சமதளமாகப் பார்த்து ஒதுங்குங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கியரைப் பார்க்கில் (P) போடுங்கள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள், ஏசியை நிறுத்துங்கள், இன்ஜினை ஓடவிடுங்கள். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து 1200 ஆர்பிஎம் பக்கம் வைத்தால் ஆயில் இன்னும் நன்றாகச் சுற்றும். சில நிமிடங்களிலேயே சூடு இறங்குவது தெரியும். இன்ஜின் சூட்டு முள்ளும் சிவப்பில் நின்றாலோ, அடியில் ஆயில் ஒழுகினாலோ, புகை வந்தாலோ மட்டும் உடனே அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, ஏற்றத்தில் போக்குவரத்து நின்றால் டிரைவில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். வண்டி நகராதபோது இன்ஜின் கொடுக்கும் சக்தி அத்தனையும் கன்வெர்ட்டரில் சூடாகத்தான் மாறுகிறது. பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

எத்தனை டிகிரி வரை தாங்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சாதாரண ஓட்டத்தில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். சுமை இழுக்கும்போது 105, 110 வரை போய்த் திரும்பி இறங்கினால் பயப்பட வேண்டாம். 120ஐத் தாண்டினால் ஆயில் வேகமாகக் கெடத் தொடங்கும். 150ஐ நெருங்கினால் ரப்பர் சீல்கள் கெட்டித்துப்போகும், கிளட்ச் தகடுகள் வழுக்கும், வழுக்கினால் மேலும் சூடு. வழக்கில் உள்ள ஒரு தோராயக் கணக்கு, 80க்கு மேல் ஒவ்வொரு 10, 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது. டாஷ்போர்டு விளக்கு பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் எரியும். அதை நம்பி ஓட்டாமல், மெக்கானிக்குகள் ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன புளூடூத் கருவி ஒன்று வாங்கி, செல்போனில் கியர்பாக்ஸ் சூட்டை எண்ணாகவே பாருங்கள். கூலருக்குக் கொடுப்பதற்கு முன் இதற்குத்தான் நான் காசு கொடுத்திருக்க வேண்டும். சில வண்டிகளில் சென்சார் ஆயில் பானில் (கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டில்) இருக்கும், சிலவற்றில் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் வெளியே வரும் குழாயில் இருக்கும். குழாயில் காட்டும் எண் பொதுவாகக் கூடுதலாகத்தான் இருக்கும், அதனால் அடுத்தவர் வண்டி எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டாம்.

சரி, சூடு எங்கே பிறக்கிறது? பெரும்பங்கு டார்க் கன்வெர்ட்டரில்தான். இன்ஜின் பக்கத்துச் சக்கரம் ஆயிலை வீசியடிக்கும், எதிரே இருக்கும் சக்கரம் அதை வாங்கிச் சுழலும். இடையில் இரும்போடு இரும்பு சேருவதில்லை, எல்லாம் ஆயில் வழியாகத்தான். அதனால் இன்ஜின் 2500 ஆர்பிஎம்மில் சுற்றினால் எதிர்ப்பக்கம் 2000தான் சுற்றலாம். அந்த வித்தியாசம் ஆயிலைக் கடைந்து கடைந்து சூடாகிறது. ஏற்றத்தில் இன்ஜின் 60 கிலோவாட் கொடுக்கிறது, அதில் ஆறில் ஒரு பங்கு இப்படி வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோவாட். தண்ணீர் சூடு பண்ணும் 1000 வாட் ராடு பத்து, சுமார் பத்து லிட்டர் ஆயிலுக்குள் ஒரே நேரத்தில் முங்கியிருப்பதற்குச் சமம்.

இந்த வீணடிப்பை நிறுத்தத்தான் கன்வெர்ட்டருக்குள்ளேயே லாக்கப் கிளட்ச் ஒன்று இருக்கிறது. அது பிடித்துவிட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சேர்ந்து சுற்றும், வழுக்கல் போய்விடும், சூடும் சட்டென்று விழும். ஏற்றத்தில் லாக்கப் பிடித்த நிலையில் வண்டி ஏறுகிறதா என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

கூலர் போட்ட பிறகும் விளக்கு எரிந்ததும், அதே ஏற்றத்துக்கு மறுபடி போனேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் எண்ணைப் படித்துக்கொண்டே வந்தார். டிரைவில் போட்டிருந்தேன், வேகம் 55 இருக்கும். கியர்பாக்ஸ் நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும், சுமை தாங்காமல் மறுபடி நான்குக்கு இறங்கும், திரும்ப ஐந்துக்குப் போகப் பார்க்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் லாக்கப் விட்டுவிடும். ஆர்பிஎம் முள் ஏறி இறங்கி அலைந்துகொண்டே இருந்தது. "ஏங்க, 118 ஆயிடுச்சுங்க" என்றார். மேனுவலுக்கு மாற்றி மூன்றில் பிடித்தேன். இன்ஜின் 3000 ஆர்பிஎம்முக்குப் போய் இரைந்தது. அந்த இரைச்சலைக் கேட்டால் எதையோ கெடுக்கிறோம் என்றுதான் தோன்றும். ஆனால் லாக்கப் பிடித்துக்கொண்டது, முள் அசையாமல் நின்றது. 118, 116, 113 என்று அவர் படிக்கப் படிக்க எனக்கு நம்பவே முடியவில்லை. ஏற்றம் முடியும்போது 101. புதுக் கூலர் தனியாகச் செய்யாத வேலையை ஒரு கியர் குறைத்தது செய்தது.

காரணம் எளிது. கியர் குறைந்தால் கன்வெர்ட்டர் மேல் விழும் சுமை குறைகிறது, லாக்கப் நிலைக்கிறது, பம்ப் வேகமாகச் சுற்றி அதிக ஆயிலைக் கூலருக்குத் தள்ளுகிறது. இன்ஜினோடு சுற்றும் விசிறியாக இருந்தால் காற்றும் கூடுகிறது. உங்கள் வண்டியில் சுமை இழுப்பதற்கான டோ ஹால் பட்டன் இருந்தால் டிரெய்லர் மாட்டும்போதெல்லாம் அதை அழுத்திவிடுங்கள். கியர் மாறும் இடங்களைத் தள்ளிவைத்து இந்த அலைச்சலைத் தவிர்ப்பதற்காகவே அது இருக்கிறது. அப்படியும் அலைந்தால் மேல் கியரை நீங்களே தடுத்து வையுங்கள்.

லாக்கப் பிடிக்கவே இல்லை என்றால் அது வேறு கதை. சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. டிரெய்லர் இல்லாமல், பின்னால் வண்டி வராத சமமான சாலையில், கியர்பாக்ஸ் சூடான பிறகு, குரூஸ் கன்ட்ரோல் போடாமல் 80 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போங்கள். வலது காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் பெடலைத் தொட்டும் தொடாமலும் தொடுங்கள், பிரேக் விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும். பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கணமே லாக்கப் விட்டு, ஆர்பிஎம் நூறு இருநூறு ஏறும். காலை எடுத்தால் மறுபடி இறங்கும். ஒன்றுமே மாறவில்லை என்றால் லாக்கப் முதலிலிருந்தே பிடிக்கவில்லை என்று சந்தேகப்படலாம். சில புது வண்டிகளில் கம்ப்யூட்டர் குறுக்கே வந்து இந்தச் சோதனை சரியாக வராது. அவற்றில் ஸ்கேனரில் கன்வெர்ட்டர் ஸ்லிப் (வழுக்கல்) அளவைப் பார்ப்பதுதான் வழி. லாக்கப்பை இயக்கும் மின் வால்வான சோலினாய்டோ அதன் வயரிங்கோ போயிருந்தால், எவ்வளவு பெரிய கூலரும் அதைச் சரிசெய்யாது.

அடுத்து காற்று வரும் வழி. என் வண்டியை முன்பக்கமாக நின்று பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஏசி கன்டென்ஸரை போல்ட் தளர்த்தி முன்னால் சாய்த்தபோதுதான் தெரிந்தது, அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே புழுதியும் புல் விதையும் பூச்சிச் சிறகும் சேர்ந்து கம்பளம் மாதிரி ஒரு படலம். விரலால் பிடித்து இழுத்தால் பட்டையாக உரிந்து வந்தது. பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலின் முதல் கூலரே ரேடியேட்டர் தொட்டிக்குள்தான் இருக்கிறது. ரேடியேட்டர் மூச்சுத் திணறினால் கியர்பாக்ஸும் திணறும். கழுவும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். அழுத்தம் கூடிய பம்ப்பை அருகில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்று வரும் வழியை நாமே அடைத்துவிடுவோம்.

ஆயிலைப் பற்றிக் கொஞ்சம். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கூடினால் சுற்றும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். இரண்டிலும் சூடு ஏறும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருந்தால் பொதுவாக ஆயில் சூடாக, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். பார்க்கில் வைத்தா நியூட்ரலில் வைத்தா என்பதைக் கையேட்டில் பாருங்கள், அது வண்டிக்கு வண்டி மாறும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பழுப்பேறிக் கருகிய வாசம் அடித்தால் நிறையச் சூடு பார்த்துவிட்டது. ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் மாதிரி வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கிறது. கிளட்ச் தகட்டின் பசையை அது கரைத்துவிடும்.

"இந்த ஆயில் ஆயுள் முழுக்க வரும்" என்று உங்கள் மெக்கானிக் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு நான் அதை ஏற்க மாட்டேன். கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கிறதா என்று தேடுங்கள், பல வண்டிகளில் இருக்கும். ஆயில் பான் தட்டை இறக்கி ஊற்றினால் பாதி ஆயில்கூட வராது, மிச்சம் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் நின்றுவிடும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை மாற்றுவதே எனக்குப் பிடித்த வழி. கையேடு சொல்லும் ரக ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் சூடு குறையவில்லை என்றால், அப்போது கூலர் போடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகத் தகடு அடுக்கிய வகை, குழாயும் இறகும் உள்ள வகையைவிட நன்றாக வேலை செய்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரைத் துண்டித்துவிடாமல், அதிலிருந்து வெளியே வரும் ஆயில் புதுக் கூலர் வழியாகப் போய் கியர்பாக்ஸுக்குத் திரும்பும்படி தொடராக இணைக்கச் சொல்லுங்கள். குளிரில் ஆயில் சீக்கிரம் பதமாகவும் அது உதவும். ஆயில் சூடாகும் வரை கூலர் வழியை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு சில வண்டிகளில் உண்டு. அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் எந்தக் கூலருக்கும் ஆயில் போய்ச் சேராது. சூடான நிலையில் கூலருக்குப் போகும் குழாயும் திரும்பும் குழாயும் இரண்டுமே சூடாக இருக்கின்றனவா என்று வெப்பமானியால் பார்த்தால் பிடிபட்டுவிடும். வெறுங்கையால் தொட வேண்டாம்.

பெரிய டயர் போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம்தான். சக்கரம் பெரிதானால் எப்போதும் கொஞ்சம் மேல் கியரில் ஓட்டுவதற்குச் சமம், கன்வெர்ட்டர் அதிகம் வழுக்கும். டிரெய்லரை மேட்டில் ரிவர்ஸ் எடுப்பதும் அப்படியே: வேகமில்லை, காற்றில்லை, லாக்கப்பும் இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் (ஃபோர் வீல் டிரைவ்) வண்டியாக இருந்து, தரை மண்ணாகவோ சரளையாகவோ இருந்தால், வேகம் குறைந்து இழுவை கூடும் லோ ரேஞ்சில் போட்டு எடுங்கள். சூடு அவ்வளவு ஏறாது.

கடைசியாக, ஆயில் பான் தட்டை இறக்கும்போது அதிலிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். மை மாதிரி சாம்பல் நிறப் படிவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் இரும்புத் துகளோ தகட்டுச் சில்லுகளோ இருந்தால் உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது, கியர்பாக்ஸைப் பிரித்தாக வேண்டும். அப்படிப் பிரித்துக் கட்டினால் பழைய கூலரை மாற்றச் சொல்லுங்கள், குறைந்தது நன்றாகக் கழுவிவிடச் சொல்லுங்கள். முன்னால் உடைந்த துகள்கள் அதன் சந்துகளில் தங்கியிருக்கும், முதல் ஏற்றத்திலேயே புதிதாகக் கட்டிய கியர்பாக்ஸுக்குள் போய்விடும்.