ரெக்ஸ் ஸ்கிரிப்டில் டைமரும் மெசேஜும் மோதிக்கொண்டால்?

நீங்கள் கேட்டது இதுதானே: நெட்வியூவில் (ஐபிஎம் மெயின்ஃப்ரேமைக் கண்காணித்துத் தானாக இயக்கும் மென்பொருள்) ரெக்ஸ் மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், பின்னணியில் ஓடும் ஒரு பேட்ச் ஜாபைக் கிளப்பிவிட்டு, அது முடிந்த மெசேஜுக்காக வெயிட் போட்டுக் காத்திருக்கிறது. சில நாள் ஜாப் முடியும் முன்பே அடுத்த வேலைக்குத் தாவிவிடுகிறது, சில நாள் எழுந்திருப்பதே இல்லை. இரண்டிலும் நான் அடிபட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

தாவுவதற்குக் காரணம் பெரும்பாலும் டிராப், அதாவது எந்த மெசேஜுக்கு எழவேண்டும் என்று சொல்லும் கமாண்ட். டாலர் ஹாஸ்ப்395 வந்தால் எழுப்பு என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள். அது ஜெஸ்2-இல் (மெயின்ஃப்ரேமில் ஜாபுகளை வரிசைப்படுத்தி ஓட்டும் பகுதி) எந்த ஜாப் முடிந்தாலும் வரும் மெசேஜ். (ஹாஸ்ப் என்பது ஜெஸ்2-இன் முன்னோடி, அதில் முதல் எழுத்து ஹூஸ்டன், 1960-களில் நாசாவுக்காக எழுதியது, இன்னும் நம் கன்சோலில் ஓடிக்கொண்டிருக்கிறது.) ஒரு வாடிக்கையாளருக்கு நான் எழுதிய ஸ்கிரிப்ட், பக்கத்தில் ஓடிய ஏதோ ஒரு குட்டி ஜாபின் மெசேஜைப் பார்த்து எழுந்து, பேட்ச் இன்னும் பிடித்து வைத்திருந்த ஃபைலை சிஐசிஎஸ்-இல் (ஆன்லைன் பரிவர்த்தனைகளைக் கையாளும் மென்பொருள்) திறக்கப் போய், விடியும்வரை என்னைத் தூங்கவிடவில்லை. எம்எஸ்ஜிரீட் செய்து மெசேஜை எடுத்ததும், அதன் வாசகத்தைத் தரும் எம்எஸ்ஜிஎஸ்டிஆர்() கொண்டு ஜாப் பெயரைப் பாருங்கள். நம்முடையது இல்லையென்றால் வெயிட் கன்டினியூ போடுங்கள், மீதி நேரத்துக்கு மட்டும் காத்திருக்கும். புதிதாக 'வெயிட் 60 செகண்ட்ஸ்' போட்டால், வேண்டாத மெசேஜ் ஒவ்வொன்றுக்கும் அந்த அறுபது முதலிலிருந்து தொடங்கும், கெடு என்பதே வராது. உங்கள் ஸ்கிரிப்ட் எழாமல் கிடப்பது இதனாலும் இருக்கலாம். எழுந்தவுடன் ஈவென்ட்() என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள்: எம் என்றால் மெசேஜ், டி என்றால் நேரம் தீர்ந்தது, ஜி என்றால் காத்திருப்பை முடிக்கும் கோ கமாண்டை யாரோ அடித்திருக்கிறார்கள். இதைக் கேட்காமல் மெசேஜ்தான் வந்தது என்று நம்பி நேரே எம்எஸ்ஜிரீடுக்குப் போகும் ஸ்கிரிப்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன். அப்புறம், ஜாபைக் கிளப்பும் கமாண்டுக்கு முன்னாலேயே டிராப் வரவேண்டும், பின்னால் இல்லை.

ஆனால் இதெல்லாம் சில விநாடிக் காத்திருப்புக்குத்தான். நாற்பது நிமிடம் ஓடும் ஜாபுக்கு ஒரு ஆட்டோடாஸ்கை (ஆள் இல்லாமலே நெட்வியூவுக்குள் கமாண்டுகளை ஓட்டும் டாஸ்க்) வெயிட்டில் உட்கார வைப்பதே தப்பு என்பது என் கட்சி. அதன் பின்னால் மற்ற வேலைகள் வரிசையில் நிற்கும்.

எங்கள் வீடு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், வேலை கழக்கூட்டம் டெக்னோபார்க்கில். ராத்திரி ஷிப்ட் முடிந்து தம்பானூர் வந்து பஸ் ஏறினால் நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டி எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. அம்மா சொல்லுவாள்: "மக்ளே, பதினோரு மணிக்குள்ள போன் வரலேண்ணா அப்பாவ அனுப்புவேன், கேட்டியா?" அவள் ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை, தன் வேலையைப் பார்ப்பாள். உங்கள் ஸ்கிரிப்டும் அப்படித்தான் இருக்கவேண்டும். ஜாபைக் கிளப்பு, இவ்வளவு நேரம் கழித்து இதை ஓட்டு என்று சொல்லும் 'ஆஃப்டர்' கமாண்டில் ஒரு ஐடி கொடுத்து நாற்பது நிமிட டைமர் வை, மற்ற ஸ்கிரிப்டுகளும் பார்க்கக்கூடிய குளோபல் வேரியபிளில் 'காத்திருக்கிறேன்' என்று எழுது, வெளியேறு. மெசேஜ் வந்தால் ஆட்டோமேஷன் டேபிள் (எந்த மெசேஜுக்கு என்ன செய்வது என்ற பட்டியல்) இன்னொரு ஸ்கிரிப்டைக் கூப்பிடட்டும். அது அந்த டைமரை பர்ஜ் செய்துவிட்டு, அதாவது ரத்து செய்துவிட்டு, மேலே போகும். டைமர் முந்திக்கொண்டால் மூன்றாவது ஸ்கிரிப்ட் ஆபரேட்டருக்குச் சொல்லும்.

ஒருநாள் 10.59-க்கு நான் ஃபோன் செய்தேன். அடுக்களையில் அம்மா எடுத்துப் பேசி வைப்பதற்குள், முன்வாசலில் அப்பா கடிகாரத்தைப் பார்த்து ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். ஒரு தலையில் இருக்கவேண்டியது இரண்டு தலையில் இருந்தால் இப்படித்தான். அதனால் மெசேஜ் ஸ்கிரிப்டையும் டைமர் ஸ்கிரிப்டையும் ஒரே ஆட்டோடாஸ்குக்கு ரூட் செய்யுங்கள். ஒன்று முடிந்துதான் மற்றது ஓடும். யார் முதலில் ஓடினாலும் அந்த வேரியபிளைப் பார்க்கவேண்டும், இன்னும் 'காத்திருக்கிறேன்' என்று இருந்தால் மட்டும் அதை அழித்துவிட்டு வேலையைச் செய்யவேண்டும், இல்லையென்றால் சத்தமில்லாமல் வெளியேறவேண்டும். பர்ஜ் மட்டும் போதாது, ஏனென்றால் நேரம் ஆகி வரிசையில் வந்து நின்றுவிட்ட டைமர் கமாண்டை பர்ஜால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, கழிந்த நேரத்தை டைம்('எஸ்') கொண்டு கழித்துக் கணக்கிடுகிறீர்களா? அது நள்ளிரவிலிருந்து எண்ணும் விநாடி, 86399-க்குப் பிறகு பூஜ்யம். மெஷின் அமெரிக்காவின் கிழக்குக் கரை நேரத்தில் ஓடினால் அந்த நள்ளிரவு நமக்குக் காலை 10.30, அவர்களுக்குக் கோடை நேரம் என்றால் 9.30. அதாவது சரியாக நாம் டீ குடிக்கும்போது கணக்கு மைனஸில் போகும். நாள் எண்ணிக்கையைத் தரும் டேட்('பி')-ஐ 86400-ஆல் பெருக்கி டைம்('எஸ்')-ஐக் கூட்டுங்கள், இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் ரெக்ஸ் இரண்டுக்கும் ஒரே கணத்தை எடுத்துக்கொள்ளும். வரும் எண்ணுக்குப் பதினோரு இலக்கம், ரெக்ஸோ சொல்லாவிட்டால் ஒன்பது இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். மேலே நியூமெரிக் டிஜிட்ஸ் 15 என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.