மணக்காத மல்லிகை மெழுகுவத்தி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டிலேயே வாசனை மெழுகுவத்தி செய்யலாம் என்று ஆன்லைனில் ஒரு கிட் வாங்கினேன். ஒரு கிலோ சோயா மெழுகு, திரிகள், ‘100% இயற்கை மல்லிகை எசென்ஷியல் ஆயில்’ 15 மி.லி. இருந்தன. அந்த ஆயில் தனியாக 180 ரூபாய்க்கும் விற்கிறது. எல்லாவற்றையும் கலந்து ஊற்றினேன். மூக்கருகே வைத்தால் லேசாக மணக்கிறது, ஏற்றினால் ஒன்றுமே இல்லை. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ மெழுகுக்கு 15 மி.லி. என்றால் ஒன்றரை சதவீதம்தான் வருகிறது. சோயா மெழுகு எரியும்போது அறை மணக்க, மெழுகின் எடையில் 6 முதல் 10 சதவீதம் வரை வாசனை எண்ணெய் வேண்டும். கிலோவுக்கு 60 கிராமாவது போட வேண்டும். கிட்டில் வந்த எண்ணெய் கால் கிலோ மெழுகுக்குத்தான் போதும். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை.

அடுத்து அந்த லேபிள். மல்லிகையின் மணம் ஆவியில் வடித்தால் கெட்டுவிடும். அதனால் கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள், அதற்கு ‘அப்சல்யூட்’ என்று பெயர். ஒரு கிலோ அப்சல்யூட்டுக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும். முகூர்த்த நாளில் மதுரை மார்க்கெட்டில் ஒரு கிலோ மல்லி என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். 180 ரூபாய்க்கு 15 மி.லி. சுத்தமான மல்லிகை எண்ணெய் வர வழியே இல்லை, அது செயற்கை வாசனை எண்ணெய்தான். மெழுகுவத்திக்குச் செயற்கை எண்ணெய் பெரும்பாலும் நன்றாகவே உழைக்கும், விலையும் கட்டுப்படியாகும். ‘இயற்கை’ என்று எழுதி விற்றதுதான் தவறு.

எனவே பொருளின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக அவர் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போக வேண்டுமானால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்.

மெழுகைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொதிக்கும் தண்ணீரில் இன்னொரு பாத்திரத்தை வைத்து அதில் உருக்குங்கள், நேரடித் தீயில் வேண்டாம். 70 டிகிரி சொச்சத்தில் இன்னும் 45 கிராம் எண்ணெய் சேர்த்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்கிப் புதுத் திரியோடு ஊற்றுங்கள். ஊற்றியதும் ஏற்றிவிடக் கூடாது. சோயா மெழுகில் மணம் ஊறிப் பிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அப்புறம் திரியையும் கவனியுங்கள். திரியைச் சுற்றி மட்டும் குழி விழுந்து, ஓரத்து மெழுகு வெள்ளையாக அப்படியே நின்றால் திரி மெலிசு என்று அர்த்தம். உருகிய மெழுகு பரந்து நின்றால்தான் மணம் எழும்பும்.

கேள்வி: மல்லிகை, சந்தனம், எலுமிச்சைப்புல் மூன்றையும் கலக்க ஆசை. சொட்டுக் கணக்கில் எத்தனை விட வேண்டும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சொட்டுக் கணக்கை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு எண்ணெயின் சொட்டும் ஒவ்வொரு அளவு. எண்ணெய் வாங்குமுன் 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

200 கிராம் மெழுகுக்கு 6 சதவீதம் என்றால் 12 கிராம். மல்லிகை 6, சந்தனம் 4, எலுமிச்சைப்புல் 2 என்று தொடங்குங்கள். எலுமிச்சைப்புல் முரட்டு மணம், கொஞ்சம் கூடினாலும் மல்லிகையை அமுக்கிவிடும். சந்தனம் மெதுவாக எழுந்து கடைசிவரை நிற்கும். முழு அளவையும் கலக்குமுன் இதே விகிதத்தில் ஒரு கிராம் கலந்து காகிதத் துண்டில் நனைத்து, உடனே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். மறுநாள் பிடித்திருந்தால்தான் அது சரியான கலவை.

வாங்கும்போது ஒவ்வொரு எண்ணெய்க்கும், அதன் ஆபத்துகளைச் சொல்லும் பாதுகாப்புத் தாளும் ஐஎஃப்ஆர்ஏ (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) சான்றும் கேளுங்கள். மெழுகுவத்தியில் அதிகபட்சம் எத்தனை சதவீதம் போடலாம் என்று சான்றில் இருக்கும். கேட்டால் மழுப்புகிற கடையில் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: கேக்குக்குப் போடும் வெனிலா எசென்ஸ் மிச்சம் இருக்கிறது. சேர்க்கலாமா?
– வாசகி, வேலூர்

பதில்: கூடாது. அதில் தண்ணீரும் ஆல்கஹாலும் உண்டு, மெழுகோடு கலக்காது, திரி படபடவென்று பொரியும். உடம்பில் அடிக்கும் சென்ட்டும் வேண்டாம், அதிலுள்ள ஆல்கஹால் குப்பென்று தீப்பிடிக்கும். மெழுகுவத்திக்கென்றே விற்கும் வெனிலா எண்ணெய் வாங்குங்கள். அது போட்டால் மெழுகு நாளடைவில் பழுப்பாகும். வெனிலா மணத்தைத் தரும் வெனிலின் என்ற பொருளின் குணம் அது, கெட்டுப்போனதாக நினைத்துத் திருப்பி அனுப்ப வேண்டாம்.